வருகையின் நோக்கம்

பிடித்த இடம் எது என்று கேட்டவர்களுக்கெல்லாம்
சுவிட்சர்லாந்து என்றே சொல்லிவந்தேன்.
சொல்வதற்குச் சுலபம். யாரும் மறுத்துப் பேசுவதில்லை.
உண்மையில் அங்கே நான் பார்த்தது மேகம்.
பல்சக்கர ரயிலில் இரண்டு மணி நேரம் ஏறி
உச்சியில் கம்பியைப் பிடித்து நின்றால்
எதிரே வெள்ளை. திரும்பினால் வெள்ளை.
"நேற்று வந்திருக்க வேண்டும்"
என்றார் பயணச்சீட்டுப் பரிசோதகர் ஊர்ஸ்.
நாளைக்கும் இதையேதான் சொல்வார் என்று
அவர் முகத்தில் எழுதியிருந்தது.
சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார்.
கீழே இறங்கியதும் வெயில்.

மோசமானது ஃபெஸ்.
ஊர் மேல் குற்றமில்லை.
தோல் ஊறும் தொட்டிகளுக்கு மேலே நின்றபோது
மூக்கில் வைத்துக்கொள்ள யாரோ புதினாக் கொத்து தந்தார்கள்;
சுண்ணாம்பும் புறா எச்சமும் கலந்த அந்த வாடையை
அன்றே மறந்துவிட்டேன்.
திரும்பும் வழியில் சந்துகள் என்னை விழுங்கின.
ஒரு கழுதை, அதன் முதுகில் எரிவாயு உருளைகள்,
"பாலக், பாலக்" என்று ஒதுங்கச் சொல்லும் குரல்,
கைபேசியில் வரைபடம் இருந்த இடத்தில்
சாம்பல் நிறக் கட்டம்.

அன்வார் என்றான் பெயரை.
பதினொரு வயது இருக்கலாம்.
பந்தாட்டச் சட்டையின் முதுகில்
ஏழு பாதி உரிந்து ஒன்றாகியிருந்தது.
முன்னால் ஓடுவான், திருப்பத்தில் காத்திருப்பான்.
தாழ்ந்த உத்தரம் வரும்போதெல்லாம்
தன் தலையைத் தட்டிக் காட்டினான்,
அவனுக்கு எட்டாத உத்தரம், எனக்கு இடிக்கும் உத்தரம்.
நீல வாசல் வந்ததும் இருபது திர்ஹாம் கேட்டான்.

கிளம்பும் முன் நான் படித்த எச்சரிக்கைகள் எல்லாம்
வரிசையில் வந்து நின்றன.
"உன்னை நான் கூப்பிட்டேனா?" என்றேன்,
அவனுக்குப் புரியாத ஆங்கிலத்தில்.
புரிந்தது.
இரண்டு திர்ஹாம் நீட்டினேன்.
வாங்கிப் பார்த்தான்.
என் கையைப் பிடித்து, விரித்து,
நாணயங்களைத் திரும்ப வைத்து,
விரல்களை ஒவ்வொன்றாக மூடினான்.
போய்விட்டான்.

ஏமாறவில்லை என்ற நிறைவோடு
சாப்பிடப் போனேன்.
ஆரஞ்சுச் சாறு முப்பத்தைந்து.
விலை கேட்காமலே குடித்திருந்தேன்.

ஒன்பது வருடமாக அந்தக் கை மூடியபடியே
எத்தனையோ சுங்கச் சாவடிகளைக் கடந்துவிட்டது.
பெட்டியைத்தான் திறக்கச் சொல்கிறார்கள்.

பிடித்ததைச் சொல்கிறேன். சிரிக்கக் கூடாது.
வல்பரைசோவில் ஒரு சலவைக்கடை.
சான்டியாகோ விமான நிலையத்தில்
வருகையின் நோக்கம் கேட்டார்கள்; சுற்றுலா என்றேன்.
பார்க்க வேண்டியவற்றின் பட்டியலும் இருந்தது,
கால்சட்டைப் பையில், மூன்று நாள் மழையில் கூழாகி.
ஜூலை. அங்கே குளிர்காலம்.
குன்றேறும் பழைய இழுவைப் பெட்டி
ஈரத்தில் கீச்சிட்டுக்கொண்டே நின்றுபோயிருந்தது.
உலர வேறு இடமில்லாமல் உள்ளே நுழைந்தேன்.

நெல்டா ஒயார்சுன்.
கப்பல் ஆட்களுக்கு விடுதி நடத்துகிறவள்.
வணக்கம் கிணக்கம் ஒன்றும் இல்லை,
படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளை
என் கையில் திணித்துவிட்டுப் பின்னால் நடந்தாள்.
உதறினோம். நெருங்கினோம்.
அவள் விரல் என் விரலிலிருந்து முனையை வாங்கிக்கொண்டது.
மறுபடி விலகல்.
நான் இடது பக்கம் மடித்தால் அவள் வலது பக்கம்,
நடுவில் துணி முறுக்கிக்கொண்டு நிற்கும்.
அவள் ஸ்பானிஷில் திட்டினாள்.
எந்த மொழியானால் என்ன என்று நானும்
"அந்தப் பக்கம் இழுங்கம்மா" என்றேன்.
இழுத்தாள்!

பதினொரு விரிப்புகள்.
எல்லாம் முடிந்து இன்னும் ஏதாவது உண்டா என்று தேடி
என் துண்டையும் பிடுங்கி மடித்தாள்.
வெண்ணெய்ப்பழம் மசித்து உப்புத் தூவிய ரொட்டியில்
பாதியைப் பிட்டுத் தந்தாள்.
காசு கொடுக்க நான் கையை எடுக்கவேயில்லை,
அதைமட்டும் கற்றிருந்தேன் போலும்,
எதற்குக் கொடுப்பது, எதற்குக் கூடாது என்று.
கற்றிருந்தேனா, தெரியவில்லை.

புகைப்படம் எடுக்கவில்லை.
அவள் முகத்தைக் கேட்டால் சொல்லத் தெரியாது.
கடைசி விரிப்பின் மூலையில்
சிகரெட் சுட்ட ஓட்டை ஒன்று இருந்தது.
மடிக்கும் முன் அதற்குள் விரலை நுழைத்து
என்னைப் பார்த்து ஆட்டினாள்.