விகுதி

ஜனவரியில் வந்தால் ஏப்ரலில் போய்விடுவார்கள்.
இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, எண்பது நாள்,
அவ்வளவுதான் வடக்கு டகோட்டாவுக்குச் சட்டமன்றம்.
மீதி நாளுக்கு அவர்களுக்கு டிராக்டர் இருக்கிறது.

நான் திருத்தங்களைத் தட்டச்சு செய்கிறவன்.
யார் எதை அடித்தார்கள், எதைச் செருகினார்கள்
என் விரல்களுக்குத் தெரியும்.
வாய்க்குத் தெரியக் கூடாது என்பது
வேலை நிபந்தனை.

ஆர்லிஸ் ஹோவ்லாண்ட்
பனி பூட்ஸோடே அவைக்கு வருவார்.
பையில் மசோதா, மசோதாவுக்கு அடியில்
கன்றுக்குப் பால் புகட்டும் ரப்பர் காம்பு.
ஒருநாள் அது மேசையில் உருண்டது.
காப்பீட்டு நிறுவனத்து ஆள் ஒருவர்
மரியாதையாக எடுத்துக் கொடுத்தார்,
என்னவென்று கேட்கவில்லை.

அவருடையது பெரிய மசோதா இல்லை.
ஒன்றரைப் பக்கம்.
பாரம் தாங்காத கிராமப் பாலங்களை
மாநிலம் சீர்செய்ய வேண்டும்.

குழுவின் முன் சொன்னார்:
"செப்டம்பரில் எங்கள் ஓடைப் பாலம் இறங்கியது.
மேலே டேல் க்ரோகனின் லாரி.
டேலுக்கு ஒன்றும் ஆகவில்லை,
அதனால் செய்தியும் ஆகவில்லை.
அறுநூறு புஷல் கோதுமை தண்ணீரில்.
வாத்துகள் தெற்கே போக மறந்து
நவம்பர்வரை தின்றன.
அக்கரையில் என் வயல்.
இருபத்திரண்டு மைல் சுற்றிப் போகிறேன்.
சமையலறை ஜன்னலில் அது தெரிகிறது."

தலைவர் மெர்வின் ஷாட்ஸ் கேட்டார்,
அந்தப் பக்கம் எத்தனை பேர்?

"பதினொன்று. என்னையும் சேர்த்து."

யாரோ சிரித்தார்கள்.
சிரிப்பை நான் குறிப்பில் எழுதுவதில்லை.

"பதினொரு பேரும் தின்று தீர்க்கிற கோதுமையா அது?"

இதை எழுதினேன்.

மார்ச்சில் மாடுகள் ஈனத் தொடங்கின.
தாழ்வாரத்தில் சுவரைப் பார்த்து நின்று
ஃபோனில் கேட்பார்:
எது முன்னால் வருகிறது, காலா மூக்கா?
இழுக்காதே. அவளே தள்ளட்டும்.
அதே குரலில், ஃபோனை மூடாமலே,
கடந்துபோன ஃபார்கோ உறுப்பினரிடம்:
உங்கள் நீச்சல்குளத்துக்கு நான் கை தூக்குகிறேன்,
என் பாலத்தை ஞாபகம் வையுங்கள்.
பிறகு மறுபடி ஃபோனில்:
மூச்சு விடுகிறதா?

எழுபத்தொன்பதாம் நாள், இரவு பதினொன்றரை.
ஆறு பேர், ஆறிப்போன பீட்சா.
நிதித்துறைக்காரர் ஒரு தொகையைச் சொன்னார்,
எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள்.
"வேண்டும்" போகட்டும் என்றார் ஷாட்ஸ்.
சீர்செய்யலாம்.
மற்றதெல்லாம் அப்படியே, தலைப்புகூட.

நான்தான் அடித்தேன்.
வேண்டும் போய் லாம் வந்தது.
திரையில் வரி கொஞ்சம் சுருங்கியது.

ஆர்லிஸ் எழுந்து போயிருக்கலாம்.
மேசையைத் தட்டியிருக்கலாம்.
கடிகாரத்தைப் பார்த்தார்,
பென்சிலால் காதைச் சொறிந்தார்.
"கூட ஒரு வரி," என்றார்.
"செய்யாத ஒவ்வொரு பாலத்துக்கும்
ஏன் செய்யவில்லை என்று
துறை அவைக்கு எழுதித் தர வேண்டும்."

காகிதம்தானே என்றார் நிதித்துறைக்காரர்.
எல்லோரும் தலையசைத்தார்கள்.
நான் அடித்தேன்.

இரண்டு வருடம்.
இரண்டு அறுவடை, சுற்றிப் போய்ச் சுற்றி வந்தது.
டேல் வேறு லாரி வாங்கினார், பழையதுதான்.
ஓடையில் கம்பிகள் துருத்திக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

இந்த ஜனவரியில் அறிக்கை வந்தது.
முந்நூற்று நாற்பது பாலங்கள்.
அவருடையது அறுபத்தோராம் பக்கத்தில்,
காரணம்: பயன்பாடு குறைவு.
விழுந்த பாலத்தில் யார் போவார்கள்?

ஆர்லிஸ் எழுந்தார், கண்ணாடி போட்டார்,
முதல் பக்கத்தைத் திறந்து
பாலத்தின் பெயர், ஓடையின் பெயர்,
வருடம், காரணம் என்று படிக்கத் தொடங்கினார்.

பத்தாவது நிமிடம் ஷாட்ஸ் கேட்டார்,
உறுப்பினர் முழுவதையும் படிக்க வேண்டுமா?

"வேண்டும் என்று எங்கும் இல்லை.
படிக்கலாம் என்று விதியில் இருக்கிறது."

அடுத்த பக்கம் திரும்பியது.
நகரத்து உறுப்பினர்கள் சிலர்
தங்கள் மாவட்டத்துப் பெயர் வந்ததும்
நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.
வெளியே பனி.
பதினேழாவது பாலத்தில்
தண்ணீர் குடித்தார்.