பதினொன்றும் எட்டும்

காட்பாடி மேம்பாலம் இறங்கும்போதே
ஆரம்பித்துவிட்டது.
டக். குளிர்.
டக். அனல்.
எண்ணினேன்:
ஓடுவது பதினொரு நொடி,
நிற்பது எட்டு.

பின்சீட்டில் அக்காவும் தம்பியும்.
சித்தூரில் பன்னிரண்டு மணிக்குப் பத்திரம்.
நாலரை ஏக்கர் மாந்தோப்பு, முழுக்க பெங்களூரா,
கூழ் கம்பெனிக்காரன் முன்பணம் கொடுத்தாயிற்று.
அவனுக்கு விற்க வேண்டும்.
அவளுக்கு, கிணற்றோரம் பதினாறு மரம் போகக் கூடாது.

சண்டை தெலுங்கில்.
டிரைவருக்குப் புரியாது என்று நினைப்பு.
என் வீட்டுக்காரி பலமநேரிக்காரி,
பதிமூன்று வருஷமாக
அந்த மொழியில்தான் நான் திட்டு வாங்குகிறேன்.

என் கம்ப்ரசர் பழசு, மாவு மில் மாதிரி இரையும்.
அந்த இரைச்சலுக்கு மேலே ஏறி
அவர்கள் கத்துவார்கள்.
டக்கென்று அது நின்றதும்
சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை
வண்டிக்குள் அம்மணமாக நிற்கும்.
"அம்மா ஆஸ்பத்திரிலோ உன்னப்புடு நுவ்வெக்கட..."
மீதியை அவள் விழுங்குவாள்.
எட்டு நொடி.
டக்.
விழுங்கினதைத் துப்புவாள்.

கிறிஸ்டியான்பேட்டையில் தக்காளி லாரிகளுக்குப் பின்னால்
வண்டி நின்றபோது பானெட்டைத் திறந்தேன்.
ஃபேன் சுற்றுகிறது.
கண்டென்சரில் ஒட்டியிருந்த சருகையும் பூச்சியையும்
குடிக்கிற தண்ணீர் ஊற்றிக் கழுவினேன்.
ஃபில்டரை உருவி டயரில் தட்டினேன்.
பெரிய பைப்பைத் தொட்டுப் பார்த்தேன்,
வேர்த்திருக்க வேண்டியது
காய்ந்து கிடந்தது.
வேர்த்தது நாங்கள் மூன்று பேர்தான்.

எல்லை தாண்டி முதல் ஷெட் பாபாஜானுடையது.
நீல மீட்டரையும் சிவப்பு மீட்டரையும் மாட்டினான்.
நீல முள் நாற்பத்தைந்திலிருந்து
இருபத்திரண்டுக்கு விழுந்தது. டக்.
மெல்ல ஏறி நாற்பத்தைந்து. டக்.
"கேஸ் கம்மி" என்றான்.
"தானா கம்மியாகாது. எங்கேயோ போவுது."

ஒரு ரூபாய் ஷாம்பூவைக் கரைத்து
ஒவ்வொரு மூட்டிலும் தடவினான்.
கேஸ் ஏற்றுகிற வால்வில்
ஒரு குமிழி, ஜவ்வரிசி அளவு,
ஊதிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

மணி பதினொன்று பத்து.
"பிரஷர் சுவிட்சில ஒரு ஒயரைப் போட்டுச்
சேர்த்து விட்டுடு பாய், நிக்காம ஓடட்டும்,
சித்தூர் வரைக்கும் போதும்."
அவன் நிமிரவேயில்லை.
"நின்னு நின்னு ஓடுறதாலதான்
இது இன்னும் உசுரோட இருக்கு.
கேஸோடதான் ஆயிலும் சுத்தும்.
காய்ஞ்சு ஓடினா இறுகிப்பூடும்.
அப்புறம் எங்கிட்ட வராதே."

வேக்கம் பம்ப் நாற்பது நிமிஷம் ஓடியது.
இருந்தது ஒரே நாற்காலி.
அவன் டயர் மேல் உட்கார்ந்தான்.
அவளும் நாற்காலியை விட்டுவிட்டு
வேறொரு டயரைத் தேடிக்கொண்டாள்.
அவன் போன் அடித்தது, புரோக்கர்.
அடித்து நின்றது.
மறுபடி அடித்து நின்றது.
மூன்றாம் முறை
அவள்தான் "எடேன்டா" என்றாள்.
எடுத்து, "ரேப்பு" என்று மட்டும் சொல்லி வைத்தான்.
நாளைக்கு விற்பானா, நாளைக்குச் சொல்வானா,
எனக்குத் தெரியாது.

வால்வு முப்பது ரூபாய்,
கேஸும் கூலியும் ஆயிரத்து நானூறு.

அப்புறம் ஏசி நிற்கவேயில்லை.
ஐஸ் கடைக்குள் கார் ஓட்டுகிற மாதிரி இருந்தது.
பின்னால் ஒரு பேச்சும் இல்லை.
இரைச்சல் எங்கேயும் விடவில்லை,
பேச இடம் கிடைக்கவில்லையோ என்னவோ.

சித்தூர் ஏழு கிலோமீட்டர் என்ற கல்லருகே
அவன் தும்மினான்.
சட்டைக் கைக்குள் விரல்களை இழுத்துக்கொண்டான்.
அவள் ஜன்னலைப் பார்த்தபடியே,
தாழ்ந்த குரலில்,
"சலி பெடுதோந்தா நீக்கு?"

என் கை யோசிக்காமல் போய்
குமிழை இரண்டு புள்ளி குறைத்தது.

கண்ணாடியில் நான்கு கண்கள்
என் பிடரியைப் பார்த்தன.