மாட்டுப் பாதை

குச்சவெளி தாண்டி இடப்பக்கம் திரும்பியதும்
வானுக்குள் பேச்சு நின்றது.
உப்புவெளியிலிருந்து அதுவரை வாய் ஓயாத தங்கச்சி
கைப்பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்தாள்.
அது சரியாகத்தான் இருந்தது.

பாறை அவ்வளவு நேராய் நின்றது.

அத்தான் மட்டும் இறங்கி
சப்பாத்து நாடாவுக்கு இரண்டாம் முடிச்சுப் போட்டார்.
"நாப்பது நிமிசம்" என்றார்,
வங்கியில் கடன் கேட்டு வருகிறவர்களிடம்
தவணை சொல்லும் அதே குரலில்.

முகப்பில் எவரோ எக்காலத்திலோ வெட்டிய குழிகள்.
படி என்றால் படிக்கே கோபம் வரும்,
அரைப் பாதம்தான் கொள்ளும்.
மேலிருந்து தொங்கிய சங்கிலி
பாதியில் அறுந்து
மீதியை எங்கள் துணிச்சலுக்கு விட்டிருந்தது.

என் இடது முழங்கால்
வீட்டு மாடிப்படிக்கே முனகுவது.
தயாபரன் நிழல் பார்த்துப் பாய் விரித்தார்.
"கீழ இருந்து பாத்தாலும் இதே பாறைதானே."
பதினேழு வருடமாய் நான் கேட்டுவரும் வசனம்,
பாறை மட்டும்தான் புதிது.

யதுர்ஷி ஒன்றும் சொல்லவில்லை.
சோதனை முடிந்ததற்கு போன் வேண்டாம்,
அந்த உச்சியில் நின்று கடல் பார்த்தால் போதும் என்றவள்
பாயின் ஓரத்து நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.
அழுதிருந்தால் சமாளித்திருப்பேன்.

அப்போது சின்னவனுக்கு ஒன்றுக்கு வந்தது.

பாறைக்குப் பின்னால் கூட்டிப்போனேன்.
"அம்மா, சாணி."
"தள்ளி நில்."
"அங்கயும் சாணி."
பார்த்தேன். ஆளுயரத்தில் ஒன்று.
அதற்கும் மேலே, வீட்டு முகட்டு உயரத்தில்
ஈ மொய்க்க இன்னொன்று.

மாடு சங்கிலி பிடித்து ஏறாது.
கன்றோடு ஏறியிருந்தால்
கைப்பிள்ளைக்காரியும் ஏறலாம்.

பாயைச் சுருட்டினோம்.
புளிச்சாதப் பொட்டலம், அவித்த முட்டை,
இரண்டு போத்தல் தண்ணீர், ஒரு பிள்ளை
கைமாறிக் கைமாறி வந்தன.
பாதைக்கு அவசரமே இல்லை.
விராலிப் பற்றைகளைச் சுற்றிக்கொண்டு
மூன்று தடவை உச்சிக்கு முதுகு காட்டியது.
"வீட்டை போகுது போல" என்றாள் தங்கச்சி.
ஒரு கவரில்
தயாபரன் குந்தியிருந்து
இரண்டு பக்கச் சாணியையும் ஒப்பிட்டார்.
"இது முந்தாநாள். இது இண்டைக்கு."
மனிசன் தன் வேலையில் கூட
இவ்வளவு உறுதியாய் ஒரு முடிவு சொல்லி நான் கேட்டதில்லை.

ஆடி மாதம். பாலை பழுத்துக் கிடந்தது.
உதட்டில் எண்ணெய் பூசாமல் தின்னக் கூடாதென்று
எல்லோருக்கும் தெரியும்.
எல்லோரும் தின்றோம்.

உச்சியில் மாடு படுத்திருந்தது,
தொடையில் யாருடையதோ சுட்ட குறி.
எங்களைப் பார்த்தது,
அசை போடுவதை நிறுத்தவில்லை.

அதற்கப்பால் கடல்.
புறாத்தீவு இரண்டு துணுக்காய்,
உப்பளம் கண்ணாடி நொறுங்கினாற்போல்,
தெற்கே கோணேசர் மலை இருக்க வேண்டிய இடத்தில்
வெறும் புகார்.
எங்கள் வான் ஒரு நெருப்புப்பெட்டி.
யதுர்ஷி விளிம்புக்கு நாலு முழம் இப்பால் நின்றாள்.
காற்று அவள் பின்னலை அவிழ்த்தது,
அவள் கட்டவில்லை.
வெகுநேரம் கழித்துத் திரும்பி
ஒரு முட்டையை எடுத்து
கோது உடைத்து
என்னிடம் நீட்டினாள்.

ஒரு மணி பத்து நிமிசத்தில்
முகப்பு விளிம்பில் ஒரு கை முளைத்தது.
பிறகு மற்றக் கை, முழங்கையில் இரத்தம்.
பிறகு அத்தான்.
பாய் விரித்திருந்தது.
பிள்ளை மாட்டின் நிழலில் நித்திரை.
"எப்பிடி..." என்றார்.

பாலைப் பாலில் உதடுகள் ஒட்டிப்போய்
நாங்கள் ஆளையாள் பார்த்தோம்.
சின்னவன்தான் விரலால் பிரித்து வாய் திறந்தான்.
"மாடு" என்றான்.

தங்கச்சி காயத்தைத் துடைத்தாள்.
படம் எடுத்தோம். விளிம்பில் ஏறி நின்று
நெஞ்சை நிமிர்த்தினார் அத்தான்;
படத்தில் பாதை தெரியாது.

இறங்கும்போது
எல்லோருக்கும் முன்னால் அவர்தான் போனார்,
ஒவ்வொரு கவரிலும் நின்று
சாணி தேடி.