அச்சுத் துளை

'சு' என்றால் நல்ல. 'க' என்றால் துளை.
அச்சு தோதாக அமர்ந்த சக்கரத்துக்குத்தான்
முதலில் சுகம் என்று பேராம்.
வகுப்பில் சிரித்துவிட்டேன்.

ஐப்பசி மழை.
நீடாமங்கலம் கேட் மூடிக் கிடக்கிறது.
குறுவை நெல்லோடு
கூட்ஸ் போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது.
கேட் திறந்தால் குழிகள்.
லூர்து அண்ணன் ஆட்டோவில் பின்சக்கர பேரிங்
வெண்ணாற்றுப் பாலத்திலிருந்தே அரைக்கிறது.
ஒவ்வொரு குழிக்கும் செண்பகவல்லி
என் மணிக்கட்டை நெரிக்கிறாள்.
துக்கமும் துளைதான்,
அச்சு ஆடுகிற துளை.

மன்னார்குடி ஆஸ்பத்திரி. விடியவில்லை.
கையுறையைக் கழற்றியபடி சிஸ்டர்
"சுகப்பிரசவம்" என்றார்,
தினம் ஐந்தாறு தடவை சொல்கிற வார்த்தை.

வெளியே லூர்து அண்ணன்
ஜாக்கி போட்டு, நனைந்தபடி,
முழங்கை வரை கிரீஸ்.
"பொண்ணு" என்றேன்.
ஒன்றும் சொல்லாமல்
சக்கரத்தைச் சுழற்றிவிட்டார்.
சத்தமே இல்லை.