ஏழு இருபது

"கடைசியா எப்ப அவரை நல்லாக் கண்டனீங்கள்?"
தொலைபேசிக்குள் இருந்து கேட்கிறாள்
மொழிபெயர்ப்பாளர். யாழ்ப்பாணத்துக் குரல்.
சூரிச்சிலோ எங்கோ
அவளுடைய தேத்தண்ணி ஆறிக்கொண்டிருக்கும்.

காலை நாலு மணிக்கு, என்றேன்.
வங்கிக் கட்டடம் கூட்டப் புறப்படுகையில்
முதுகு காட்டிப் படுத்திருந்தார்.
மூச்சு வந்தது.

நித்திரை கணக்கில் இல்லையாம்.
கண் திறந்து, கதைத்து, கையைக் காலை அசைத்து
இருந்ததை எப்ப கண்டது?

அவர் உணவகத்தால் வர நான் நித்திரை.
நான் எழும்ப அவர் நித்திரை.
ஒரே கட்டிலை முறை வைத்துச் சூடாக்கினோம்
பதினேழு வருடம்.
டாக்டர் பேனாவைத் திறந்தபடி நிற்கிறார்.
ஞாயிறு பின்னேரம், என்றேன்.
முட்டைக்கோப்பி குடித்தார், சீனி காணாது என்றார்.
பேனா எழுதவில்லை.

நாலரை மணித்தியாலத்துக்குள் என்றால் மருந்து.
பிந்தினால்
கட்டியைக் கரைக்கிற அதே மருந்து
மூளைக்குள் இரத்தம் கசியப் பண்ணலாம்.
அவருடைய வலக்கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது,
யாரோ மறந்துவிட்டுப் போன கையுறை மாதிரி.

அப்போதுதான் வந்தா
இரண்டாம் மாடி லொயன்பெர்கர் அம்மா.
பெத்லகேமில் இருந்து டாக்சி பிடித்து,
வீட்டுச் செருப்போடு,
தோய்க்கும் அறைக் கொப்பியைக் கக்கத்தில் இடுக்கி.
எங்கள் கதவில் கடதாசி ஒட்டுகிறவ:
வடிகட்டியில் பஞ்சு. தயவுசெய்து.
பிறகு, தயவுசெய்து இல்லாமல்,
வடிகட்டியில் பஞ்சு!

"ஏழு இருபதுக்குத் திறப்பு வாங்க வந்தார்.
பஞ்சைப் பற்றிச் சொன்னேன்.
மன்னிப்புக் கேட்டார்.
முழு வாக்கியம், டாக்டர்.
வினைச்சொல் கடைசியில், அதன் இடத்தில்."

கொப்பியில் அவருடைய கையெழுத்து.
தவநேசன், 07.20.
எழுத்து ஒன்றும் சரியவில்லை.
பேனா எழுதியது.

பாரம் எவ்வளவு? எழுபத்தொன்று.
சித்திரையில் பெட்டி நிறுத்த தராசில்
தானும் ஏறி நின்று
என்னையும் அனுப்பப் போறியோ என்றவர்.
முதல் பங்கு ஒரு நிமிடத்தில்,
மிச்சம் ஒரு மணித்தியாலத்தில், துளித் துளியாய்.

மூன்றாம் நாள் பேசினார்.
கோணிய வாயால், செவ்வாய்.
தண்ணிக்குச் செவ்வாய், நோவுக்குச் செவ்வாய்.
மகனைப் பார்த்து, சன்னலில் ஆல்ப்ஸைப் பார்த்து,
என்னை நெடுநேரம் பார்த்து.
பேச்சுப் பயிற்சிக்கு வருகிற மெலானி குறித்துக்கொண்டாள்.
கிழமையில் ஒரு நாள், நாங்கள் தோய்க்கிற நாள், என்றேன்.
மற்றதைச் சொல்லவில்லை.
என் சாதகத்தில் எட்டில் செவ்வாய்.
அவருடைய தாய் மூன்று சாத்திரியாரிடம் போய் அழுதது.
செவ்வாயாவது புதனாவது என்று
பதிவுக் கந்தோரில் அவர் கையெழுத்து வைத்தது.
அந்தக் கையால்தான்.

டாக்டர் என்னை இருக்கச் சொன்னார்.
பூச்சியத்தில் இருந்து ஆறுவரை ஓர் அளவுகோல்.
பூச்சியம், ஒன்றுமே நடவாத மாதிரி.
ஆறு என்னவென்று நான் கேட்கவில்லை.
எட்டு அதில் இல்லை.
மூன்று மாதம் கழித்து அவர், என்று தொடங்கினார்,
ஊன்றுகோலோடு, ஒருவேளை, வலக்கை இல்லாமல்,
சொற்கள் கொஞ்சம் கொஞ்சமாய்,
வாக்கியம் நீண்டுகொண்டே போனது.
அவர்களுக்கும் எங்களுக்கும்
வினைச்சொல் கடைசியில்தான் வரும்.
தொலைபேசிக்குள் அவளும் காத்திருந்தாள்.

இன்று எங்கள் முறை.
வடிகட்டியைக் கழற்றினேன்.
சாம்பல் நிறப் பஞ்சு, அவருடைய சேட்டுகளில் இருந்து.
எறிய மனமின்றி உருட்டிக்கொண்டு நின்றேன்.
வாசலில் லொயன்பெர்கர் அம்மா.
பஞ்சைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
எப்படி இருக்கிறார், என்றா.

அவர் இப்போது மெல்ல மெல்ல, என்றேன்
அவவின் மொழியில்.
மிச்சம் அகப்படவில்லை.
இயந்திரத்தில் ஒரு கையால் சாய்ந்தபடி
அவ நின்றா, வரட்டும் என்று.