பதினெட்டாம் சேனல்

எலிஸ்டனில் காற்று பந்தல்துணியைக் கிழித்த இரவோடு
பயணத்துக்கு வயதாகிவிட்டது.
அதன்பிறகு யாரும் புதிதாய் எதுவும் வாங்கவில்லை.
தீரட்டும் தீரட்டும் என்றே சமைத்தோம்:
பாதிப் பாக்கெட் அரிசி, ஒரு டின் பீட்ரூட்,
ப்ரூமில் வாங்கிய, எதனோடும் ஒத்துப்போகாத
அந்த மாங்காய்ச் சட்னி.

பதினோரு வாரம். இரண்டு கேரவன். நான்கு பேர்.
கழிவறைத் தொட்டியைக் கொட்டும் முறை
இன்று யாருடையது என்பதில் மட்டும்
எங்கள் நட்பு இரண்டு தடவை முறிந்து
சாயங்காலத்துக்குள் ஒட்டிக்கொண்டது.

முன்வண்டியில் கிளைவும் டெஸ்லியும்.
பின்னால் மாரிட்டும் நானும்.
நடுவே முந்நூறு மீட்டர் புழுதி,
வானொலிக் கருவியில் பதினெட்டாம் சேனல்.
"எதிரே ரோட் டிரெயின், மூன்று பெட்டி."
"செத்த கங்காரு. மேலே கழுகு.
எழுந்திருக்கிற உத்தேசம் அதற்கில்லை."
மரமே இல்லாத நல்லார்பர் முழுக்க
கிளைவின் குரலைப் பிடித்துக்கொண்டே வந்தோம்.

செடூனாவில் பழச் சோதனைச் சாவடி.
தொட்டியில் போட மனசில்லாமல்
பதினேழு ஆரஞ்சையும் அங்கேயே நின்று
உரித்து உரித்து விழுங்கினோம்.
சீருடைப் பெண் கைகட்டி வேடிக்கை பார்த்தாள்.
கிளைவ் முதுகுவலி என்றான்.
அங்கிருந்துதான் டெஸ்லி ஓட்டுகிறாள்.
மைக் மட்டும் இன்னும் அவன் கையில்.

"இடப்பக்கம் இரண்டு எமு. நிதானம்."
வேகம் குறைத்தோம்.
கிட்டே வந்தபோது அவை உப்புப் புதர்கள்,
காற்றுக்குக் கழுத்தை ஆட்டியபடி.
மாரிட் என்னைப் பார்த்தாள்.
நான் மைக்கை எடுத்தேன்.
"பார்த்துவிட்டோம் கிளைவ், நன்றி."

டம்பி பேயில்
மீன் சுத்தம் செய்யும் மேடையருகே
கத்தியைத் தூக்காமலே டெஸ்லி சொன்னாள்:
"கேரவனை விற்றாயிற்று.
ப்ரோக்கன் ஹில்லில் ஒரு பையன்
முன்பணம் கொடுத்துவிட்டான்."
செதில்கள் அவள் முழங்கைவரை மின்னின.
"நடுவில்தான் ஒன்றும் தெரியவில்லையாம்.
ஓரம் தெரிகிறதாம்.
அதனால்தான் கடலோரமாகவே போவோம் என்றான்,
அவனுடைய ஜோக்."
ஒரு பெலிகன் எங்களுக்கு மத்தியில் வந்து நின்று
குடலுக்காக வாயைத் திறந்தது.
யாரோ சிரித்தோம். நானாக இருக்கலாம்.

கடைசி ராத்திரி காபி டப்பாவைக் கவிழ்த்தோம்.
பொதுப்பணத்தில் மிச்சம்
முப்பத்தொரு டாலர் நாற்பது சென்ட்.
நானே எண்ணுகிறேன் என்றான் கிளைவ்,
ஐம்பது சென்ட் நாணயத்தின் பன்னிரண்டு விளிம்பையும்
கட்டைவிரலால் ஒருமுறை சுற்றிவந்து.
நால்வருக்கும் சரியாகப் பிரிந்தது.
ஏழே முக்கால் டாலர், பத்து சென்ட்.
அது எனக்குப் பிடிக்கவில்லை.
ஏதாவது மிஞ்சியிருந்தால்
இன்னொரு முறை கூட ஒரு சாக்கு இருந்திருக்கும்.

போர்ட் அகஸ்டாவில் பெட்ரோல் போட்டுவிட்டு
முறையாக விடைபெறுவதாய் ஏற்பாடு.
பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடிக்க
அரைகுறையாய்த் தோளைத் தட்டி
அவரவர் வண்டியில் ஏறினோம்.
வில்மிங்டன் மலைப்பாதை இடதுபக்கம் பிரிகிறது.
அவர்கள் திரும்பினார்கள்.
அடிலெய்டுக்கு நாங்கள் நேரே.
கண்ணாடியில் அவர்கள் கேரவன்
தபால்பெட்டி அளவானது, பிறகு பல் அளவு.

"உங்கள் கெட்டில் மூடி எங்களிடம்."
"இருக்கட்டும்."
"மூடியை வைத்துக்கொண்டு என்ன செய்ய?"
"நாங்கள் கெட்டிலை வைத்துக்கொண்டு
என்ன செய்கிறோமோ அதை."
மலை இடையில் வரத் தொடங்கியது.
சொற்களில் மணல் ஏறியது.
டெஸ்லி ஏதோ சொன்னாள், தெரியவில்லை.
அப்புறம் நெடுநேரம் கரகரப்பு மட்டும்.
மாரிட் அணைக்கக் கை நீட்டினாள்.

"வலப்பக்கம்... எமு, இரண்டு... நிதா..."

எங்கள் வலப்பக்கம்
உப்புச்சேறு, அதற்கப்பால் வளைகுடா,
அதன்மேல் ஒன்றுமே இல்லை.
மாரிட் பிரேக்கை அழுத்தினாள்.
அறுபதுக்கு இறங்கி
நல்ல தூரம் அப்படியே போனோம்.