பங்கில் விழாத புள்ளி

பிரிக்க முடிந்ததையெல்லாம் பிரித்துவிட்டுத்தான்
என் கடைக்கு வந்திருந்தார்கள்.
பின்னல் மெஷின் பதினாறு, ஆளுக்கு எட்டு.
அனுப்பர்பாளையம் குடோனுக்கு நடுவே
பூசாத ஹாலோபிளாக் சுவர்.
போர்த் தண்ணீர் ஒற்றைப்படைத் தேதி அண்ணனுக்கு,
இரட்டைப்படை தம்பிக்கு.
முப்பத்தொன்றும் ஒன்றும் அடுத்தடுத்து வருமே,
அதற்கும் ஒரு வரி எழுதியிருந்தார் வக்கீல்.

மிச்சம் ஒரு பெயர்.
பவளக்கொடிநிட்ஸ், புள்ளி, காம்.
ஒரே புல்லட்டில் இருவரும் வந்து
என்னிடம் பதியச் சொன்ன பெயர்.

"இதையும் பாதியா வெட்டிக் குடுத்துருங்க அம்மணி"
என்றார் நாச்சிமுத்து.

துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டினேன்.
இதை வாலிலிருந்து படிக்கோணுமுங்க.
தபால்காரர் முதலில் மாவட்டம் பார்ப்பார்,
அப்புறம் ஊர், கடைசியாய்க் கதவு எண்.
காம் என்பது மாவட்டம்.
அதற்கும் அப்பால், எழுதாமலே விடுகிற
இன்னொரு புள்ளி இருக்கிறது.
வேர் என்று பெயர்.
வழி தெரியாத கடிதம் அங்கே போய்த்தான்
வழி கேட்கும்.

கிட்டுசாமி சீட்டைத் தன் பக்கம் திருப்பினார்.
"காம் போனாப் போகுது, வேற என்னென்ன இருக்குதுங்?"

வியாபாரத்துக்கென்று பிறந்து
எல்லாருக்குமாய்ப் போனது காம்.
ஆர்க், தர்ம காரியத்துக்கு;
ஆனால் வாசலில் யாரும் சீட்டுக் கேட்பதில்லை.
கவ், சர்க்காருடையது,
பெரும்புள்ளியானாலும் காசுக்குக் கிடைக்காது.
நாட்டுக்கு இரண்டெழுத்து. நமக்கு இன்.
ஜெர்மனிக்கு டி-இ,
அவர்கள் ஊரை அவர்கள் கூப்பிடுகிற பெயர்.
தமிழெழுத்திலேயே இந்தியா என்றும் ஒன்று.
இப்போது ஷாப், ஃபேஷன் என்று
சந்தைக்கு வந்துகொண்டே இருக்கின்றன.

"டாட் திருப்பூர்?"

இல்லைங்க.
பாரிசுக்கு இருக்கிறது, பெர்லினுக்கு இருக்கிறது.

"அவனுக போடற பனியனுக்குக்
கழுத்துப்பட்டி வெச்ச ஊருக்கு இல்லீங்களா!"
அண்ணனும் தம்பியும் ஒன்றாய்ச் சிரித்தார்கள்.
ஒன்றாகவே நிறுத்திக்கொண்டார்கள்.

பத்து ரூபாய் நாணயம் சுண்டினோம்.
காம் அண்ணனுக்கு.
அதே பெயரில் இன், தம்பிக்கு.
இது கிரயம் இல்லைங்க, குத்தகைதான்,
தவணை தவறினால் எவனோ எடுத்துக்குவான் என்றேன்.
அதை மட்டும் இருவரும் குறித்துக்கொண்டார்கள்.

தமிழில் புள்ளி தலைமேல் ஏறினால்
எழுத்து வாயடைத்துப்போகும்.
இங்கே அது காலடியில் உட்கார்ந்து
இரண்டு சொற்களை ஒட்டவும் விடுவதில்லை,
விலகவும் விடுவதில்லை.

ஹாம்பர்க் பையர் பழைய பழக்கத்தில்
காமுக்கே எழுதினான்.
நாற்பதாயிரம் பீஸ், நூற்றெண்பது ஜிஎஸ்எம், கடல் பச்சை.
நாச்சிமுத்து போன் செய்தார்.
"இது அவனோடதுங்க. அக்கட்டால தள்ளிவிட முடியுமுங்களா?"
ஃபார்வர்டு என்று ஒன்று இருக்கிறது என்றேன்.
"மேல ஏதாச்சும் எழுதோணுமா?"
வேண்டாமுங்க, சும்மாவே போகும்.
"அப்பச் செரி."

என் சர்வருக்குக் கடிதத்தின் உள்ளே தெரியாது.
போன நேரமும் சேர்ந்த நேரமும்தான் தெரியும்.
காமிலிருந்து இன்னுக்கு,
மாசத்துக்கு மூன்று, நான்கு.
திரும்பி ஒன்றும் வந்ததில்லை.

இந்தப் பங்குனியில் காமின் தவணை முடிந்தது.
மூன்று நினைவூட்டல், பதிலில்லை.
நாச்சிமுத்து கோயமுத்தூரில்
நெஞ்சைத் திறந்து தைத்துக்கொண்டு படுத்திருந்தார்.
சலுகை நாளும் தீர இரண்டு நாள் இருக்கையில்
மாடிப்படி ஏறி வந்தார் கிட்டுசாமி, கையில் ஹெல்மெட்.

"அதிகபட்சம் எத்தனை வருசத்துக்குக் கட்டலாமுங்க?"
பத்து.
"பத்துக்கே போட்டுருங்க."
பெயர் மாற்றணுங்களா?
"யாரு பேருல இருக்குதோ அப்படியே இருக்கட்டும்.
ரசீதெல்லாம் வேண்டாமுங்க அம்மணி."

கட்டியவர் பெயரோடு ரசீது
காமின் முகவரிக்குத் தானாகவே போய்விடும்.
அதை நான் சொல்லவில்லை.